தலைவர் மறைவுக்கு ஊர் துக்கம் காப்பது எப்படி இருக்க வேண்டும்?

முள்ளியாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி வட்டம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் குடிமனைக்காகவும் இறுதிவரை உழைத்து, ஊராட்சி ஒன்றியத் தலைவராகவும் இருந்த பெரியவர் ஒருவர் அண்மையில் காலமானார். பெயரைப் பொதுவெளியில் எழுத வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அதை இங்கே குறிப்பிடவில்லை. அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர்களே முதல் ஆளாக வந்து வாசலில் பந்தல் போட்டு, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதிலிருந்து அவர் எப்படிப்பட்டவர் என்பதை நீங்களே அறிந்துகொள்ளலாம்.

இறுதி ஊர்வலத்தன்று காலையில் கடைத்தெருவில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலேயே கடைகளை அடைத்தார்கள். நடவுக்குப் போயிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி, வாய்க்கால் மதகடியில் கால் கழுவிக்கொண்டு நேராகச் சாவு வீட்டுக்குச் சென்றார்கள். அதுவரை நடந்ததெல்லாம் மனம் உவந்து செய்த மரியாதை. ஆனால் அடக்கம் முடிந்து மாலையான பின்னரும், இளைஞர்கள் சிலர் இருசக்கர வண்டிகளில் வந்து, திறந்திருந்த தேநீர்க் கடையையும் மருந்துக் கடையையும் மூட வைத்தார்கள். மறுநாளும் கடை திறக்கக் கூடாது, யாரும் வயலில் இறங்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முதல்நாள் பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்போரமாகக் கிடந்து வதங்கின. முறை வைத்து விடும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அன்றைய கூலியை இழந்தவர்கள் யார் என்று பார்த்தால், அவர் யாருக்காகப் போராடினாரோ அந்தக் குடும்பங்களேதான்.

இப்போது பதினாறாம் நாளில் அனைத்துக் கட்சி நினைவேந்தல் கூட்டமும் படத்திறப்பும் நடத்த ஏற்பாடாகி வருகிறது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். அன்றும் முழுநாள் கடையடைப்பு வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஊராட்சி அலுவலகத்துத் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். கடைத்தெரு நெடுகப் பதாகை வைப்பதற்குப் பணம் திரட்டும் வேலையும் தொடங்கிவிட்டது. ஒப்பாரி பாடும் பெண்களை மேடையேற்றி, மைக் கொடுத்துப் பாட வைக்கலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. இவற்றில் பலவும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. எதிர்த்துப் பேசினால் பெரியவர் மீது மரியாதை இல்லாதவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. நம் பகுதியில் இத்தகைய துக்கங்களைக் கண்டவர்களும் நடத்தியவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.


சீர்காழி ஆசிரியர் எழுதுகிறார்:

நண்பருக்கு வணக்கம். இதைப் பேசத் தயங்க வேண்டாம். துக்கத்தை முறையாக நடத்த வேண்டும் என்று கவலைப்படுகிற ஒருவரை மரியாதை தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தலைவருக்காகத் திரண்ட துக்கம் என்றதும் என் தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1969 பிப்ரவரி 3-ஆம் நாள்தான். அறிஞர் அண்ணா நள்ளிரவு கடந்து மறைந்தார் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளி மாணவன். தை மாத அறுவடைக் காலம் அது. ஊராட்சி மன்றக் கட்டடத்து வானொலிக்கு முன்னால், கையில் அரிவாளோடு அப்படியே வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னைக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். ரயிலுக்குள் கால் வைக்க இடம் இல்லாததால் கூரையின் மேல் ஏறிக்கொண்டார்கள். அப்படிச் சென்ற ரயில் கொள்ளிடம் பாலத்தைக் கடந்தபோது, கூரையில் இருந்தவர்கள் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் மோதிப் பலர் உயிரிழந்தார்கள். அண்ணாவின் இறுதி ஊர்வலக் கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றதை நாம் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கூட்டத்தில் சேர்வதற்காகப் புறப்பட்டு, கொள்ளிடத்தோடு முடிந்துபோனவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களும் அண்ணாவுக்காகத்தான் இறந்தார்கள் என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. வீட்டில் இருந்தவர்களுக்கு அது எந்த வகையில் ஆறுதல் என்று நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, என்னைக் கேட்டால் ஏற்பாட்டுக் குழு முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பை. வேன் கூரையிலும் டிராக்டர் பெட்டியின் விளிம்பிலும் ஆள் ஏறி வரக் கூடாது என்று ஒவ்வொரு கிளைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2018 ஆகஸ்ட் 7 அன்று கலைஞர் மறைந்து, மறுநாள் அவர் உடல் ராஜாஜி அரங்கில் வைக்கப்பட்டிருந்தபோதும் நெரிசலில் உயிர்கள் போயின. கூட்டம் கூடும் இடத்தில் உள்ளே வர வழி ஒன்று, திரும்ப வழி ஒன்று என்று இருக்க வேண்டும். இது பெரிய நகரத்துக்கு மட்டும் பொருந்துவது அன்று. குறுகலான நம் தெருக்களுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். எல்லாத் தலைவர்களுக்கும் ஊர் கூடி அழ வாய்ப்பதில்லை. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2-இல் அமைக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவர் வி.பி. சிங். தஞ்சை விவசாயிகள் உச்ச நீதிமன்றத்தின் படியேறிக் காத்திருந்த ஒரு கோரிக்கை அவர் ஆட்சியில்தான் நிறைவேறியது. அவர் 2008 நவம்பர் 27 அன்று காலமானார். நாடு முழுவதும் மும்பைத் தாக்குதல் செய்தியில் உறைந்திருந்த நாள் அது. நமக்கோ, நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்து, சம்பாப் பயிர் முழுவதும் தண்ணீருக்குள் இருந்த நாள். வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை இறைத்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கென்று அஞ்சலிக் கூட்டம் போட முடியும்? சரியாக 15 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் 27 அன்று சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அன்று எங்கள் ஊரில் சிலர் அவர் படத்தை வைத்துப் பூப்போட்டோம். தாமதமாக வந்தாலும் அதுவும் துக்கம்தான். பதினாறாம் நாளுக்குள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்கள் குழுவுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.


நாகை, வருவாய்த்துறை முன்னாள் ஊழியர் எழுதுகிறார்:

கொடி பற்றிய கேள்விக்கு மட்டும் தெளிவாகப் பதில் சொல்கிறேன். இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

தேசியக் கொடியை எப்போது, எங்கே அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது என்பது 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பில் உள்ளது. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகியோர் மறைந்தால் நாடு முழுவதும் தாழ்த்தப்படும். ஆளுநரோ முதலமைச்சரோ மறைந்தால் அந்த மாநிலம் முழுவதும் தாழ்த்தப்படும். விதித்தொகுப்பின் பட்டியலில் இல்லாத மற்றவர்களுக்கு அரசு தனியாக ஆணை பிறப்பித்தால் மட்டுமே செய்யலாம். ஊராட்சித் தலைவரோ செயலாளரோ தாமாக முடிவெடுத்துத் தேசியக் கொடியை இறக்குவதற்கு இடமில்லை. அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இதுதான் நிலை. அவருடைய கட்சிக் கொடியையும் சங்கக் கொடியையும் அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. தம் வாழ்நாள் முழுவதும் அவர் தோளில் சுமந்த கொடி தாழ்ந்து பறப்பதைவிட மேலான அஞ்சலி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில்கூடச் சில இடங்களில் இதைக் கவனிப்பதில்லை. அரைக்கம்பம் என்றால், கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, அதன் பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிய பிறகே இறக்க வேண்டும். அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதி நிகழ்ச்சியில் உடல் மீது போர்த்தும் தேசியக் கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. அதற்கு முன்பே எடுத்து மடித்துவிடுவார்கள்.

அரசு மரியாதை வேண்டும் என்று சிலர் கோருவதாக நீங்கள் எழுதவில்லை என்றாலும், பேச்சு அந்தப் பக்கம் போகக்கூடும் என்பதால் ஒரு செய்தி. பதவி இருந்தால்தான் அரசு மரியாதை என்று ஒரு கருத்து நிலவுகிறது. அது சரியன்று. எந்த அரசுப் பதவியையும் வகிக்காத தந்தை பெரியாருக்கு 1973 டிசம்பரில் அரசு மரியாதை தரப்பட்டது. விடுதலைப் போராட்ட வீரர் சங்கரய்யா 101 வயதில், 2023 நவம்பர் 15 அன்று மறைந்தபோதும் அரசு மரியாதையுடனேயே உடல் எரியூட்டப்பட்டது. முடிவெடுப்பது மாநில அரசு. அடக்கம் முடிந்த பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை.

கடையடைப்பைப் பொறுத்தவரை, வணிகர்கள் தாமாக அடைப்பது அவர்கள் உரிமை. மிரட்டி அடைக்க வைப்பது வேறு. வற்புறுத்தி நடத்தும் முழு அடைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று 1997-இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பதாகைக்கும் அனுமதி வாங்கியாக வேண்டும். 2019-இல் சென்னையில் சாலை நடுவே வைத்த பதாகை சரிந்து விழுந்ததால் இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததும், அதைத் தொடர்ந்து உயர்நீதிமன்றம் கடுமை காட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நல்ல மனிதரின் படம் போட்ட பதாகையால் இன்னொரு வீட்டில் இழவு விழக் கூடாது.


செங்கொடி இளைஞர் (கோட்டூர் ஒன்றியம்) எழுதுகிறார்:

பெரியவர்களின் கருத்துகளை மதிக்கிறேன். ஆனாலும் எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். கடையை மூடச் சொன்ன இளைஞர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கள் ஊர் நிகழ்வா என்று தெரியாது. ஆனால் எங்கள் ஊரிலும் இதுபோல் நடந்திருக்கிறது. நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

பெரும் பண்ணை வீட்டில் ஒருவர் இறந்தால் அந்தக் காலத்தில் ஊரே அசையாது என்று எங்கள் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எந்த வயலிலும் ஏர் பூட்ட மாட்டார்கள். யாரும் கூலி கேட்க முடியாது. அப்போது நாற்று வதங்கியதைப் பற்றி யாரும் வருந்தவில்லை. இன்று எங்களுக்காக உழைத்த ஒருவர் மறையும்போது மட்டும் மருந்துக் கடை, தேநீர்க் கடை, தண்ணீர் முறை என்று கணக்குப் பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம் அடைத்தால் போதும் என்கிறார்கள். பண்ணையாருக்குக் கிடைத்த மரியாதை எங்கள் தலைவருக்கும் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பதில் என்ன தவறு? அவர் போய்விட்டார் என்பது எதிர்த் தெருவுக்கும் உறைக்க வேண்டாமா? எங்கள் துக்கத்தை ஊர் மதிக்கிறதா என்று எங்களுக்குத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. கோபத்தில் எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.


வெண்ணாற்று மகள் (கீழ்வேளூர்) எழுதுகிறார்:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமான வலியிலிருந்து வருகிறது. நானும் நடவாள் வீட்டில் பிறந்தவள்தான். என் பாட்டி பண்ணையாளாக இருந்தவர். அதனால் உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

பண்ணை வீட்டுச் சாவில் ஊர் அசையாமல் நின்றது மரியாதையால் அன்று. இறந்த செய்தியைச் சொல்ல ஊர் ஊராக நடந்து போனது யார், பறை அடித்தது யார், விறகு சுமந்தது யார், வெட்டியான் வேலை பார்த்தது யார், கூலி இல்லாமல் வாசலில் கூடி மாரடித்தது யார் என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம் அது. மனத்தில் துக்கம் இல்லாதவனையும் துக்கம் காட்ட வைக்கும் அந்தக் கட்டாயத்தை ஒழிக்கத்தான் நம் தலைவர்கள் சிறை சென்றார்கள். கர்நாடகத்தில் பிறந்து, இங்கு வந்து, சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ் 1961-இல் மறைந்தார். அவருக்கு இந்த மண்ணில் உறவு என்று சொல்ல யார் இருந்தார்கள்? ஆனாலும் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அவர் நினைவிடத்துக்கு ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள். வராதவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பண்ணையாருக்குக் கிடைத்தது கட்டாயம். சீனிவாசராவுக்குக் கிடைத்திருப்பதுதான் மரியாதை. உங்கள் தலைவருக்கு இதில் எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இப்போது ஒப்பாரிக்கு வருகிறேன். ஏற்பாட்டுக் குழுவில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தலைவர் ஒருவர் இறந்தபோது பெண்கள் பாடியதை அருகில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, முன்னும் பின்னும் அசைந்துகொண்டு பாடினார்கள். மூத்தவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுவையில் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுச் சாவில் பாடும் அதே மெட்டுத்தான். அண்ணா என்றும் அப்பா என்றும்தான் அவரை அழைத்தார்கள். கட்சியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. மரக்காலில் குறைத்து அளந்த நெல்லை அவர் களத்திலேயே மறுபடி அளக்க வைத்தது வந்தது. குடியிருந்த குடிசையைக் காலி செய்யச் சொன்னபோது அவர் வாசலில் வந்து உட்கார்ந்தது வந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1969-இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டமும் வந்தன என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோம். அவை ஒவ்வொரு வாசலுக்கும் எப்படி வந்து சேர்ந்தன என்பதை அந்தப் பெண்கள் பெயர் சொல்லி, தெரு சொல்லிப் பாடினார்கள். மேடையில் பேசிய எவரும் அதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

இதை மேடையேற்றி மைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றால், நேரம் குறித்துக் கொடுப்பீர்கள். அடுத்த பேச்சாளர் வந்துவிட்டார், முடித்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு வரும். கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அழுகின்ற முகம் அன்றிரவே ஊர் ஊராகப் போய்விடும். பாடிய பெண்ணின் மகள் மறுநாள் பள்ளியில் அதைக் காண நேரும். ஆகவே தயவுசெய்து வேண்டாம். கூட்டம் தொடங்குவதற்கு முன், படம் வைத்திருக்கும் இடத்தில் பாய் விரித்து, ஆண்கள் சற்று விலகி நின்று, பெண்களுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். பாடுவதும் பாடாமல் இருப்பதும் அவர்கள் விருப்பம். பாடி முடித்து அவர்களே எழுந்த பிறகு உங்கள் கூட்டத்தைத் தொடங்குங்கள். படத்தைத் திறந்து வைக்க அமைச்சரையோ சட்டமன்ற உறுப்பினரையோ தேடாமல், அவரோடு சிறை சென்றவர்களில் உயிரோடு இருப்பவரையோ, அவரால் மனைப்பட்டா பெற்ற வயதான தாயையோ அழையுங்கள்.

இன்னொரு செய்தி. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களில் எவரும் தலைவர் அல்லர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. ஆனால் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, துக்கம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது தெரியும். அதற்கு யாரும் கடையடைப்பு அறிவித்தது இல்லை. சோறு கட்டிக்கொண்டு பேருந்து ஏறி வருகிறார்கள், அவ்வளவுதான்.


கும்பகோணம் வணிகர் எழுதுகிறார்:

அம்மா எழுதிய பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. கடைத்தெருவில் இருப்பவன் என்ற முறையில் நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எந்தக் கட்சித் தலைவர் ஊர்வலம் வந்தாலும், தெருமுனையில் சங்கொலி கேட்டவுடன் கதவைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்து, வாசலில் வந்து நிற்போம். ஊர்வலம் கடந்ததும் திறந்துவிடுவோம். இது எல்லாரும் மனதார ஏற்றுக்கொண்ட வழக்கம். வெற்றிலை, வாழை இலை, பூ, பால் ஆகியவற்றை ஒரு நாள் அடைத்து வைத்தால் மறுநாள் குப்பையில்தான் கொட்ட வேண்டும். நட்டத்தை முதலாளி ஒருவாறு தாங்கிக்கொள்வார். மூட்டை தூக்குகிறவர் அன்று வெறுங்கையோடு வீடு திரும்புவார். மருந்துக் கடையை எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

வணிகர் சங்கத்திடம் நேரில் சென்று, இன்ன நேரத்துக்கு மௌன ஊர்வலம் வருகிறது, அந்த அரைமணி நேரம் ஒத்துழையுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டு மறுத்த சங்கம் எதையும் நான் கண்டதில்லை. எங்கள் பகுதியில் சுந்தரபெருமாள்கோவிலில் பிறந்த ஜி.கே. மூப்பனார் 2001 ஆகஸ்ட் 30 அன்று காலமானார். அவர் கட்சியில் இல்லாத வியாபாரிகள் பலரும் இன்றுவரை கடையில் அவர் படத்தை வைத்திருக்கிறார்கள். வைக்கச் சொல்லி யாரும் வந்து கேட்கவில்லை.


முள்ளியாற்றங்கரை மீண்டும் எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குழுக் கூட்டத்தில் இந்தக் கருத்துகளை வாசித்துக் காட்டினேன். கடையை மூட வைத்த இளைஞர்களில் இருவர் அங்கே இருந்தார்கள். கோட்டூர் நண்பர் எழுதியதையும் அதற்குக் கீழ்வேளூர் அம்மா சொன்ன பதிலையும் வாசித்தபோது அவர்கள் இடையில் எதுவும் பேசவில்லை. முடித்த பிறகு, அவர்களில் ஒருவர் மட்டும், நடவு நடக்கும் நாளில் பகலில் கூட்டம் வைத்தால் எங்கள் வீட்டுப் பெண்களே வர முடியாது, மாலைக்கு மாற்றுங்கள் என்றார். அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

முழுநாள் கடையடைப்பு கிடையாது. மௌன ஊர்வலம் கடைத்தெருவைக் கடக்கும் நேரத்துக்கு மட்டும் வணிகர்களிடம் கேட்பதாக இருக்கிறோம். சங்கக் கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கும். பதாகைகளில் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஒன்றை மட்டும் அனுமதி வாங்கி வைப்போம். மீதிப் பணத்தில் அவருடைய உரைகளையும் கடிதங்களையும் அவரோடு பணியாற்றியவர்களின் நினைவுகளையும் திரட்டிச் சிறு நூலாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பதினாறாம் நாளுக்குள் அது முடியாது என்றார் இன்னொருவர். சீர்காழி ஆசிரியர் சொன்னதை நினைவூட்டினேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் முடித்தால் போதும் என்று முடிவாகியிருக்கிறது. படத்தை யார் திறப்பது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கட்சி மேலிடத்திலிருந்து ஒருவரை அழைத்துவிட்டார்கள். அவரைப் பேச மட்டும் வைத்து, திறப்பதை வேறொருவரிடம் கொடுக்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாலையில் கூட்டம் என்பதால் ஒலிபெருக்கிக்கு எதுவரை அனுமதி கிடைக்கும் என்பதை வருவாய்த்துறை ஐயா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.


நாகை, வருவாய்த்துறை முன்னாள் ஊழியர் எழுதுகிறார்:

இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. காவல் நிலையத்தில் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்து, ஊர்வலம் செல்லும் வழியையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பேச்சாளர்களின் பட்டியலைச் சுருக்கிக்கொண்டால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். தொலைவிலிருந்து வரும் பெண்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமல்லவா? மேலிடத்துக்காரரிடம் படத்திறப்பு பற்றி இப்போதே பேசிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சான பிறகு பேசினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.